கம்பி கட்டிய வாய்

தாத்தாவுக்குத் திருக்கடையூரில் எண்பதாம் கல்யாணம். முந்தின நாள் மாலைதான் மயிலாடுதுறையில் என் பல் கம்பியை மாற்றி இறுக்கிவிட்டிருந்தார்கள். இறுக்கும்போது வலிக்கவில்லை. ராத்திரிதான் ஆரம்பித்தது. மறுநாள் பந்தியில் அப்பளத்தைக்கூடக் கடிக்க முடியவில்லை. மாலையைக் கழற்றிவைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த கல்யாணப்பொண்ணு அப்பாயிக்குப் பல்லே கிடையாது. ரசத்தில் அப்பளத்தை நொறுக்கி ஊறவைத்தவள், என் இலையிலும் அப்படியே பிசைந்து வைத்தாள். “நல்லா இருந்த பல்ல காசு குடுத்து நோக வச்சுக்கிட்டியேடி.”

எனக்கு எத்துப்பல். பெண் பார்க்க வந்த இரண்டு வீடுகள் அதைச் சொல்லியே தட்டிக்கழித்தன. அதனால்தான் கம்பி. வலி அதற்கு நான் கொடுக்கிற விலை என்று எல்லோரும் சொன்னார்கள், “கொஞ்சம் பொறுத்துக்கோ.” எதைப் பொறுத்துக்கொள்கிறேன் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன்.

1728-ல் பாரிஸில் பியர் ஃபோஷார் பல் மருத்துவம் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். அப்போது திருக்கடையூருக்குப் பக்கத்துத் தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில். வளைந்த உலோகப் பட்டையில் பற்களை நூலால் கட்டி இழுக்கும் முறை அந்த நூலில் இருக்கிறது. பெலிக்கன் என்ற குறடால் பல்லை ஒரே அடியாகத் திருப்பி வைக்கும் முறையும் இருக்கிறது. மரப்பு ஊசி இல்லாத காலம். நினைத்தாலே தாடை கூசுகிறது.

ஊசி வந்தது 1880களில். அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் கோகெய்னைக் கீழ்த்தாடை நரம்பருகே செலுத்தி மரக்கவைத்தார். முகத்தின் தொடு உணர்வு பெரும்பாலும் ஐந்தாம் மண்டை நரம்பின் மூன்று கிளைகள் வழியாகப் போகிறது. கீழ்ப்பற்களுக்கும் கீழுதட்டுக்கும் ஒரே நரம்பு. கம்பி கட்டுவதற்கு முன் எனக்கு நாலு பல்லைப் பிடுங்கியபோது “உதடு மரத்துப் போச்சா?” என்று டாக்டர் கேட்டது அதனால்தான். சில மணி நேரம் என் உதடு எனக்குச் சொந்தமில்லாமல் கிடந்தது.

சரி, பல் எப்படி நகர்கிறது? ஸ்வீடனின் கார்ல் சாண்ட்ஸ்டெட் 1904-05-ல் இதற்குப் பதில் சொன்னார். நாயின் பல்லைக் கம்பியால் நகர்த்தி, தாடையைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார். அழுத்தப்படும் பக்கத்தில் எலும்பு கரைகிறது, இழுபடும் பக்கத்தில் புதிதாக வளர்கிறது. ரொம்ப அழுத்தினால் அங்கே திசு செத்துவிடுகிறது. பல்லும் நின்றுவிடுகிறது. 1932-ல் வியன்னாவின் ஷ்வார்ட்ஸ் இதற்கு ஓர் அளவு சொன்னார்: சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம். அதாவது, நுண்ணிய ரத்தக்குழாயை நசுக்காத அளவு.

அப்புறம் 1971. ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்பதை லண்டனில் ஜான் வேன் கண்டுபிடித்தார், அது புராஸ்டகிளாண்டின் உருவாவதைத் தடுக்கிறது. 1982-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கம்பி இறுக்கியதும் பல்லின் வேரைச் சுற்றி அழற்சி உண்டாகிறது. அங்கே சுரக்கும் புராஸ்டகிளாண்டின்தான் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டுகிறது. அதுவேதான் நரம்பு நுனிகளையும் கூச்சப்படுத்துகிறது. அதனால்தான் சில மணி நேரம் கழித்து ஆரம்பிக்கிற வலி, ஒரு நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் அடங்குகிறது. சாதாரணமாக மெல்லும் அழுத்தமே அந்த நாட்களில் வலியாகத் தெரிகிறது. இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் பல் நகர்வைக் குறைப்பது விலங்குச் சோதனைகளில் தெரிந்ததால், பாராசிட்டமால் போதும் என்கிற மருத்துவர்கள் உண்டு.

அதே 1971-ல், அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பிறந்த நிக்கல்-டைட்டானியக் கம்பியைப் பல்லுக்குப் பயன்படுத்தலாம் என்று ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் எழுதினார். மெல்லிய விசையில் ரொம்ப நாள் இழுக்கக்கூடிய கம்பி அது.

ஆக, வலி நான் கொடுத்த விலை இல்லை. வேலை நடக்கிற சத்தம் மாதிரி. ஆனால் சத்தம் கூடினால் வேலையும் கூடும் என்று அர்த்தமில்லை. ஒரு வாரம் தாண்டியும் குறையாத வலியையும், ஊசி போடாமலே உதடு மரத்துப்போவதையும் யார் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அப்பாயி சின்னப்பிள்ளையாக இருந்த 1953-ல்தான் சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவே வந்தது. எங்களுக்குப் பக்கமான சிதம்பரத்தில் பல் மருத்துவக் கல்லூரி 1980-ல். அவளுக்குப் பல்வலி என்றால் பிடுங்குவது மட்டும்தான் வைத்தியம். போன வாரம் இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். தன் வெறும் ஈறைத் தடவிக்கொண்டே கேட்டாள்: “எனக்குந்தான் எலும்பு கரைஞ்சு வாய் உள்ள போயிருச்சு. அது திரும்ப வளருமா?”

பல் போன இடத்தில் எலும்பு கரைந்துகொண்டேதான் போகும். தானாக வளராது. சொன்னேன்.

“உனக்கு வளருதுல்ல, பாத்துக்க,” என்றாள்.