கொற்கை: முத்து போன வழியும் பண்டம் தங்கிய ஊரும்

பல ஆண்டுகளாகக் கொற்கையைப் பாடம் நடத்தி வந்திருக்கிறோம். அவ்வூரை நேரில் கண்டதோ மிகப் பிந்தித்தான். வகுப்பறையில் நாம் காட்டிய கொற்கையில் அலை இருந்தது, நாவாய் இருந்தது, முத்துக் குவியல் இருந்தது. முதுகலை மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு போய் இறங்கிய கொற்கையில் வாழைத்தோட்டமும் நெல்வயலும் இருந்தன. "ஐயா, கடல் எங்கே?" என்றாள் மாணவி ஒருத்தி. கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் போக வேண்டும் என்றோம். விடை சரியானதே. ஆனால் இத்தனை ஆண்டுகள் இல்லாத கடலைக் காட்டிப் பாடம் சொன்ன கூச்சம் அன்று முழுவதும் நம்மை விட்டு நீங்கவில்லை.

தாமிரபரணி சுமந்து வந்த வண்டல் கழிமுகத்தை நிரப்ப நிரப்பக் கடல் விலகிப் போயிற்று. துறைமுகமும் அதன் பின்னே நடந்தது. கொற்கை தூர்ந்தபின் காயல் எழுந்தது. காயல் தளர்ந்தபின் தூத்துக்குடி தலையெடுத்தது. ஆகவே இக்கரையைச் சுற்றிப் பார்க்க வருவோர் காண்பது வெவ்வேறு ஊர்களை அன்று. இடம் மாறிக்கொண்டே வந்த ஒரே துறையைத்தான். அந்த வரிசையிலேயே பார்ப்பது நல்லது.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர்ச் சாலையில் தெற்கே போனால் முக்காணி அருகே கொற்கைக்கு வழி பிரிகிறது. கிரேக்கர் 'கொல்கை' என எழுதிவைத்த துறை இவ்வூரே என எடுத்துக்காட்டிய கால்டுவெல், 1870களில் இங்கே அகழ்ந்தும் பார்த்தார். தமிழகத் தொல்லியல் துறையினர் 1968-69இல் நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு கி.மு. 785ஐ ஒட்டிய காலத்தது எனக் கணிக்கப்பட்டது. 2021இல் மீண்டும் இங்கே அகழாய்வு நடந்தது. இன்று வருபவர் காணக்கூடியவை சிலவே: தொன்மையானதென ஊரார் போற்றும் வன்னி மரம், வெற்றிவேலம்மன் கோயில், நாணயம் அடித்த இடத்தின் நினைவைப் பெயரில் தாங்கி நிற்கும் அக்கசாலை.

வெற்றிவேலம்மனைக் கண்ணகி என்றே ஊரார் கொள்கின்றனர். நெடுஞ்செழியன் மாண்டபின் மதுரை அரியணைக்குச் சென்ற வெற்றிவேற் செழியன் கொற்கையில் இருந்தவன் என்பது சிலப்பதிகாரச் செய்தி. தேவியின் சிலம்பில் இருந்த பரல் முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்ததோ மாணிக்கம். பாண்டியன் தேவியின் காலில் ஒலித்த முத்து கொற்கைத் துறையின் முத்தாகவே இருந்திருக்க வேண்டும். அப்படியானால் அரசனின் குற்றத்தை மெய்ப்பித்த சான்றுகளுள் ஒன்று இந்தக் கடலின் அடியிலிருந்து வந்தது.

அதை மூழ்கி எடுத்தவன் யார்? 'எரித்திரியக் கடற்செலவு' என்னும் கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூல், கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக்குளிப்பு நடந்ததாகக் குறிக்கிறது. நம் பாடல்களில் முத்தின் ஒளி உண்டு, பாண்டியனின் புகழ் உண்டு, பரதவர் குடியும் உண்டு. மூழ்கியவன் ஒருவனுடைய பெயரை நாம் பாடம் நடத்தும் பாடல்களில் கண்டதில்லை. வன்னி மர நிழலில் மாணவர்களிடம் இதைச் சொன்னபோதுதான் நமக்கே அது உறைத்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வியந்து எழுதிய காயல், அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கிய துறை. பழையகாயல் இன்று அமைதியான சிற்றூர். அதன் தெற்கே காயல்பட்டினத்தில் பழைய கடல்வணிகத்தின் நினைவு அடுக்களையில் வாழ்கிறது. திருமண வீட்டு நெய்ச்சோறும் களறிக் கறியும் கடையில் கிடைப்பவை அல்ல, அழைப்பு வேண்டும். நண்பர் ஒருவர் வீட்டு விருந்தில், ஒரே தட்டைச் சூழ்ந்து அமர்ந்து உண்ணும் பேறு நமக்கு ஒருமுறை வாய்த்தது.

தூத்துக்குடிக்கு வந்தால் வரலாறு நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் காலூன்றினர். 1658இல் டச்சுக்காரர் கைப்பற்றினர். 1825இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. கடற்கரைச் சாலையில் 1713இல் எழுந்த பனிமய மாதா ஆலயம் பரதவர் வாழ்வின் நடுவிடம். ஆகஸ்ட் 5 திருவிழாவன்று நகரமே அங்கே திரள்கிறது. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியதும் இவ்வூரில்தான். ஜோ டி குரூஸ் இந்நகர வாழ்வை 2009இல் நாவலாக்கியபோது 'கொற்கை' என்றே பெயரிட்டார். இடம் மாறினாலும் துறை ஒன்றே என்பதை ஒரு சொல்லில் உணர்த்திய பெயர் அது.

முத்து மட்டும் இன்று இல்லை. அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தினர் இங்கே சிப்பியில் முத்து வளர்த்துக் காட்டினர். ஆனால் காலைக் கல்லில் ஊன்றி இறங்கியவரும் மேலே கயிறு பிடித்தவருமாக, உயிரை ஒருவர் கையில் ஒருவர் ஒப்படைத்த அந்தத் தொழில் திரும்பவில்லை.

மாலையானதும் மாணவர்க்குப் பசித்தது. பரோட்டாக் கடைகளை இவ்வூரார் 'நைட் கிளப்' என்பர். வெளியூர் மாணவன் ஒருவன் அப்பெயரைக் கேட்டு விழித்தான். சால்னா ஊற்றிய பரோட்டா வந்ததும் தெளிந்தான். பிறகு மக்ரூன் வாங்கினோம். ஐரோப்பாவில் பாதாம் சேர்த்துச் செய்யும் பண்டம் இங்கே முந்திரிக்கு மாறியிருக்கிறது. அந்த முந்திரியும் பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த மரத்தின் பருப்பே. முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரையுடன் நுரைக்க அடித்து, முந்திரித் தூளைக் கலந்து, கூம்பாகப் பிழிந்து, மிதமான சூட்டில் நெடுநேரம் வேகவைக்கிறார்கள். நாவில் இட்டால் கரைகிறது.

முத்து இந்தக் கரையில் தங்குவதற்காக எடுக்கப்பட்டதன்று. அது ரோமுக்குப் போயிற்று, மதுரைக்குப் போயிற்று, லிஸ்பனுக்குப் போயிற்று. எடுத்தவன் கழுத்தில் அது கிடந்ததாக நாம் எங்கும் படித்ததில்லை. வந்துபோன கப்பல்களிலிருந்து ஊர் தனக்கென எடுத்துவைத்துக்கொண்டது இத்தகைய சில சுவைகளைத்தான். ஆளவந்தவர் பெயரைக் கல்வெட்டிலும் ஆவணத்திலும் தேடலாம். அடுப்பில் நின்றவரின் கைவண்ணமோ இன்றும் காகிதப் பொட்டலத்தில் கைக்கு வருகிறது.

கடல் எங்கே என்று கேட்ட மாணவி, அம்மாவுக்கென்று கால் கிலோ மக்ரூனைத் தனியே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். அடுத்த ஆண்டிலிருந்து கொற்கைப் பாடத்தை முத்திலிருந்து தொடங்குவதில்லை என்று முடிவு செய்தோம். மூழ்கியவனிடமிருந்து தொடங்குகிறோம். நண்பர்கள் அப்பக்கம் போனால் முதலில் வயல்வெளியில் சற்று நேரம் நின்றுவிட்டுப் பிறகு நகரத்துக்குள் வாருங்கள். பசி தானாக வரும்.