நெருப்பும் நீரும் – 17: இழுவைப் படகுகளின் பதின்மூன்று நாட்கள்

எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் வழக்கில் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் இழுவைப் படகுகளைப் பற்றிச் சில வரிகள்.

கப்பல் புத்தம் புதியது. 2021 பெப்ரவரியில்தான் சேவைக்கு வந்தது. 186 மீற்றர் நீளம், 1,486 கொள்கலன்கள், அவற்றுக்குள் 25 தொன் நைத்திரிக் அமிலம். ஒரு பெட்டியிலிருந்து அமிலம் கசிவது மே 11ஆம் திகதியே மாலுமிகளுக்குத் தெரியும். கத்தாரின் ஹமாத் துறைமுகத்தில் இறக்கக் கேட்டார்கள், முடியவில்லை. குஜராத்தின் ஹசீராவிலும் முடியவில்லை. கசியும் பெட்டியைக் கையாள வசதி இல்லையாம். எரிகிற கொள்ளியை அடுத்தவன் முற்றத்துக்குத் தள்ளிவிடும் இந்த வேலையை நான் சின்னக் குற்றமாக எடுக்கமாட்டேன். அமிலம் தானாக எரியாது. ஆனால் மரம், துணி, எண்ணெய் என்று எதில் பட்டாலும் சூடேற்றி, பக்கத்தில் உள்ளதை எரிய வைக்கும். மே 19 இரவு கப்பல் கொழும்புக்கு வடமேற்கே ஏறத்தாழ ஒன்பதரைக் கடல் மைலில் நங்கூரமிட்டது. மறுநாள் தீ.

நகரத்தில் தீப்பிடித்தால் 110ஐ அழைக்கிறோம், மாநகர சபையின் வண்டி வருகிறது, யார் சொல்லை யார் கேட்பது என்பதில் பெரிய குழப்பம் இருக்காது. கடலில் அப்படியில்லை. துறைமுக அதிகார சபையின் இழுவைப் படகுகள் ஒரு பக்கம், கடற்படை ஒரு பக்கம். மேலே விமானப்படையின் பெல் 212 உலங்குவானூர்தி உலர் இரசாயனத் தூளைக் கொட்டுகிறது. 25ஆம் திகதியிலிருந்து இந்தியக் கரையோரக் காவற்படையின் வைபவ், வஜ்ரா. மாசு பரவுமா என்று பார்க்க, 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிறப்பித்த சமுத்திர சூழல் பாதுகாப்பு அதிகார சபை. இத்தனை பேருக்கு நடுவே, கப்பலைக் காப்பாற்றும் பொறுப்பு ஸ்மிட் என்ற ஒல்லாந்து நிறுவனத்திடம். அதை அமர்த்தியது அரசாங்கமல்ல, கப்பல்காரர்கள். தீயை அணைப்பவருக்குச் சம்பளம் எரிகிற வீட்டுக்காரர் கொடுக்கும் ஏற்பாடு இது. உலகமெங்கும் வழக்கம் இதுதான் என்பார்கள். எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இந்தத் தீக்கு எட்டு மாதத்துக்கு முன் சங்கமன்கண்டிக்கு அப்பால் எரிந்த நியூ டயமண்டை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2,70,000 தொன் மசகு எண்ணெயோடு நின்ற அந்தக் கப்பலையே இலங்கை, இந்தியா என இரு நாட்டவரும் சேர்ந்து காப்பாற்றினார்கள். சரக்குத் தொட்டிகளைத் தீ எட்டவில்லை. அந்த வெற்றிதான் எங்கள் ஆட்களுக்கு அளவுக்கு மீறிய தைரியத்தைக் கொடுத்ததோ என்று எனக்கு ஓர் ஐயம். அங்கே இயந்திர அறைப் பக்கம் பிடித்த தீ, சரக்கு ஒரே வகை. இங்கே ஆயிரத்துக்கு மேல் மூடிய பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சரக்கு. வெளியிலிருந்து அடிக்கும் தண்ணீர் இரும்பைக் குளிர்விக்கும். பெட்டிக்குள் எரிவதைத் தொடாது.

மே 25 அதிகாலை வெடித்தது. கப்பலிலிருந்த 25 பேரையும் கரை சேர்த்தார்கள். அதற்குப் பிறகு அந்த இரும்பு மலையைச் சுற்றிச் சுற்றி நின்றவர்களைத்தான் நான் நாயகர்கள் என்பேன். தென்மேற்குப் பருவக் காற்று, உயர்ந்த அலை, பெட்டிகள் கடலில் விழும் சத்தம், எதிலிருந்து வருகிறதென்று தெரியாத புகை. அதற்குள் படகை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு, நீர்ப்பீரங்கியை இலக்கு தவறாமல் திருப்ப வேண்டும். அவர்கள் பெயர்களை எந்தப் பத்திரிகையும் முதற் பக்கத்தில் போடவில்லை.

ஆனால் அவர்கள் அடித்த தண்ணீரே இன்னொரு பக்கம் பகையாயிற்று. கப்பலுக்குள் தேங்கும் ஒவ்வொரு தொன்னும் அதைக் கீழே அழுத்தும். அணைக்காவிட்டால் எரியும், அணைத்தால் தாழும். ஜூன் 1ஆம் திகதி தீ அடங்கியது. ஆழ்கடலுக்கு இழுத்துப் போகச் சொன்னார்கள். ஜூன் 2, வடம் கட்டி இழுக்கத் தொடங்கிச் சிறிது தூரம் போவதற்குள் பின்பக்கம் ஏறத்தாழ 21 மீற்றர் ஆழத்தில் தரை தட்டி நின்றுவிட்டது. முதலிலேயே ஆழக் கடலுக்குக் கொண்டுபோயிருந்தால் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பது சுலபம், எரிகிற கப்பலில் ஏறி வடம் மாட்டுவது யார்?

கப்பலிலிருந்து கடலில் கொட்டியது 1,680 தொன் அளவிலான பிளாஸ்டிக் மணிகள். உலகில் பதிவான மிகப் பெரிய பிளாஸ்டிக் மணிக் கசிவு இதுவென்று ஐ.நா. அறிக்கை சொன்னது. ஹெந்தளையிலிருந்து வடக்கே உஸ்வெட்டகெய்யாவ, பமுணுகம, சரக்குவ என்று போகும் கரையில் பெருந்தொற்றுக்காலப் பயணத்தடைக்குள்ளேயே முப்படையினர் வெள்ளைப் பாதுகாப்பு அங்கியில் மணலை அள்ளினார்கள். மீனவர்களுக்குக் கடலுக்குப் போகத் தடை. அணைத்த தீயின் செலவை அவர்கள்தான் முதலில் கட்டினார்கள். ஜூன் 17 கப்பல் முழுவதும் மூழ்கியது.

தீர்ப்பு 2025 ஜூலை 24இல் வந்தது. 100 கோடி டொலர் நட்டஈடு. அந்தத் தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது, கசிவை மறைத்தது பற்றி நீதிமன்றம் என்ன சொன்னது, அதிகாரிகள் பக்கம் கண்ட குறைகள் எவை என்பதற்கெல்லாம் இந்த வாரம் இடமில்லை. ஆசிரியர் ஏற்கெனவே இரண்டு முறை தொலைபேசியில் கேட்டுவிட்டார்.

(தொடரும்)