அழைப்பும் வளர்ச்சியும்: வேலூர் – ஆம்பூர் வட்டாரக் கிறித்தவத்தில் ஆன்மிக மாற்றம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நிறுவனர் ஐடா சோபியா ஸ்கடரின் (1870–1960) வாழ்க்கை, ஓர் இரவில் நேர்ந்த ‘அழைப்பின்’ கதையாகவே பெரிதும் சொல்லப்பட்டு வருகிறது. அந்த இரவுக்குப் பின்னர் அவர் எடுத்த முடிவுகளைக் காலவரிசையில் வைத்துப் பார்க்கும்போது, ஆன்மிக மாற்றம் என்பது வாழ்நாள் முழுவதும் நீண்ட ஒரு வளர்ச்சி என்பது புலப்படுகிறது. அவ்வளர்ச்சியின் அளவுகோல் உள்ளத்து உணர்ச்சி மட்டுமன்று. தாம் உருவாக்கியதைப் பிறரிடம் ஒப்படைக்கும் மனப்பக்குவமும் ஆகும் என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. பால் பிராண்ட், மேரி வர்கீஸ் ஆகியோரின் பணிகள் இக்கருத்துக்குத் துணைச் சான்றுகளாக அமைகின்றன.

திறவுச்சொற்கள்: ஆற்காடு மிஷன், ஐடா ஸ்கடர், மனந்திரும்புதல், பரிசுத்தமாகுதல், தொழுநோய், வேலூர்.

1. முன்னுரை

பாலாற்றை ஒட்டி அமைந்த இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் பதனிடுதலுக்கும் காலணி உற்பத்திக்கும் பெயர் பெற்றவை. தோல் வணிகத்தில் இசுலாமியர் முன்னின்றனர். ஆலைகளில் உழைத்தோரில் பட்டியல் சாதியினர் பெருந்தொகையினர். பழைய வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வட்டாரம், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து கிறித்தவ மருத்துவப் பணியின் களமாகவும் இருந்து வருகிறது.

இப்பணியின் வரலாறு நிறுவனங்களின் வரலாறாகவும் தனிமனிதர்களின் தியாக வரலாறாகவும் போதிய அளவு எழுதப்பட்டுள்ளது. அவ்விரண்டுக்கும் அடிப்படையாக நின்ற சமயக் கருத்து, அதாவது ஒரு மனிதர் எவ்வாறு மாறுகிறார், எவ்வளவு காலம் மாறுகிறார் என்பது குறித்த இறையியல் புரிதல், அதே அளவுக்கு வரலாற்று ஆய்வாளர்களின் கவனத்தைப் பெறவில்லை. தமிழ்க் கிறித்தவச் சொல்வழக்கிலேயே இதற்கு இருவகைச் சொற்கள் உள்ளன. ‘மனந்திரும்புதல்’, ‘இரட்சிக்கப்படுதல்’ என்பன ஒரு திருப்பத்தைச் சுட்டுகின்றன. ‘கிருபையில் வளருதல்’, ‘பரிசுத்தமாகுதல்’, ‘மறுரூபமாகுதல்’ என்பன தொடரும் இயக்கத்தைச் சுட்டுகின்றன. முதல்வகைச் சொற்களுக்குச் சாட்சி உரைகளில் இடம் மிகுதி. இரண்டாம் வகைக்கு அன்றாட வாழ்வே சான்று. வரலாற்று எழுத்தும் முதல்வகையின் பக்கமே சாய்ந்துள்ளது.

2. இருவேறு சமய மரபுகள்

ஆற்காடு மிஷன் 1853இல் அமைக்கப்பட்டது. அதனைத் தொடங்கியோர் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் ஆகிய ஸ்கடர் சகோதரர்கள். இவர்களின் தந்தையார் முதலாம் ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணியாற்றியவர்; 1836இல் சென்னைக்கு வந்தவர். மிஷன் சார்ந்திருந்த அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபைக்கு 1563ஆம் ஆண்டின் ஹைடல்பர்க் வினாவிடை அடிப்படை ஆவணங்களுள் ஒன்று. பழைய இயல்பு சாவதும் புதிய இயல்பு உயிர்பெறுவதுமே மனமாற்றம் என அவ்வினாவிடை விளக்குகிறது. இம்மையில் எவரும் நிறைவை எட்டுவதில்லை. இறைவனின் சாயலில் மேன்மேலும் புதுப்பிக்கப்படுவதே விசுவாசியின் வாழ்நாள் முயற்சி என்றும் அது கொள்கிறது.

ஆம்பூர்ப் பகுதியில் வேரூன்றிய லூத்தரன் மரபும் இவ்வகையில் வேறுபட்டதன்று. மிசௌரி சினாடு சார்ந்த லூத்தரன் மிஷன் 1895 முதல் கிருஷ்ணகிரிப் பகுதியிலும் தொடர்ந்து ஆம்பூரிலும் பணியாற்றியது. ஆம்பூரின் பெதஸ்தா மருத்துவமனை இம்மரபின் பேறு. லூத்தர் 1517இல் வெளியிட்ட 95 கருத்துரைகளுள் முதலாவதே, விசுவாசியின் வாழ்வு முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். மனந்திரும்புதலைத் தனியொரு நாளுக்குரிய நிகழ்ச்சியாக இவ்விரு மரபுகளும் கொள்ளவில்லை.

ஐடா ஸ்கடருக்கோ மற்றொரு மரபின் தாக்கமும் இருந்தது. அவர் கல்வி பயின்ற நார்த்ஃபீல்டு மகளிர் பள்ளியை 1879இல் நிறுவியவர் டுவைட் மூடி. அமெரிக்க எழுப்புதல் இயக்கத்தின் பெரும் சொற்பொழிவாளரான மூடியின் சமயப் பேச்சு, கேட்போரை அந்த நேரத்திலேயே முடிவெடுக்கத் தூண்டுவது. குடும்ப மரபு வழிவந்த நீண்டகால வளர்ச்சிக் கருத்தும் பள்ளி வழிவந்த உடனடி முடிவுக் கருத்தும் ஐடாவின் வாழ்வில் சந்தித்தன. அவரைப் பற்றிய மக்கள் வழக்குக் கதையில் இரண்டாவது மரபே வென்றது.

3. ஓர் இரவும் அதன் பின்னரும்

ஐடா 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தைக் குழந்தைப் பருவத்தில் கண்டவர். அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்தபின், நோயுற்ற தாயாருக்கு உதவவே திண்டிவனத்திற்கு வந்தார். மிஷனரியாக வாழும் எண்ணம் அவருக்கு அப்போது இல்லை. 1890களின் தொடக்கத்தில் ஓர் இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகால வேதனையில் தவிக்கும் தத்தம் மனைவியரைக் காப்பாற்ற அவரை அழைத்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், மற்றவரும் ஓர் இந்து. ஐடா மருத்துவர் அல்லர். மருத்துவரான தந்தையாரை அனுப்ப முன்வந்தபோது, வேற்று ஆடவர் பெண்ணைப் பார்க்கலாகாது என மூவரும் மறுத்துவிட்டனர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். மருத்துவம் படிப்பதென ஐடா முடிவு செய்தார்.

கதை பொதுவாக இங்கேயே உச்சம் பெற்றுவிடுகிறது. பின்வருவன அனைத்தும் அந்த இரவின் இயல்பான விளைவுகளாகக் கூறப்படுகின்றன. ஆயினும் காலவரிசை வேறொன்றைக் காட்டுகிறது. 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று 1900இல் வேலூர் வந்த ஐடாவின் நோக்கம், தாமே பெண்களுக்கு மருத்துவம் செய்வது. தந்தையார் அவ்வாண்டிலேயே காலமாகிவிட, ஒரே படுக்கையுடன் அவர் பணி தொடங்கியது. 1902இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. இதுவரையிலும் திண்டிவனத்து இரவின் தருக்கம் பொருந்துகிறது: பெண் மருத்துவர் இல்லாத இடத்தில் ஒரு பெண் மருத்துவர்.

அடுத்த படிநிலைகளை அந்தத் தருக்கம் மட்டும் விளக்காது. 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் மரத்தடிகளில் நோயாளிகளைப் பார்க்கும் சாலையோர மருத்துவப் பணியும் அதே காலத்தில் உருவாயிற்று. மருத்துவமனைக்கு நோயாளி வரட்டும் என்னும் நிலை மாறி, நோயாளியின் வழிக்கு மருத்துவர் செல்லும் நிலை ஏற்பட்டது. 1918 ஆகஸ்டில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டு, முதல் அணியில் 17 மாணவியர் சேர்ந்தனர். இறுதித் தேர்வு எழுதிய 14 பேரும் 1922இல் தேர்ச்சி பெற்றனர். தாமே குணமாக்க வேண்டும் என்ற விருப்பம், குணமாக்கும் ஆற்றலை இந்தியப் பெண்களிடம் கையளிக்க வேண்டும் என்ற நோக்கமாக மாறிய கட்டம் இது. திண்டிவனத்தில் அவர் கேட்ட அழைப்புக்கு அன்று தரப்பட்ட விடையைவிட 1918இல் தரப்பட்ட விடை விரிவானது. அவ்விரிவு 20 ஆண்டுகளுக்கும் மேலான உழைப்பின் விளைவு.

4. கைவிடக் கற்றல்: 1938–1947

ஐடாவின் வாழ்வில் மிகக் கடினமான மாற்றம் அவரது முதுமையில் நிகழ்ந்தது. 1930களின் இறுதியில் சென்னை மாகாண அரசு எல்.எம்.பி. என்னும் பட்டயப் படிப்பைக் கைவிட்டு, மருத்துவக் கல்வி பல்கலைக்கழகப் பட்டமாகவே அமைய வேண்டும் எனத் தீர்மானித்தது. வேலூர்ப் பள்ளி பட்டக் கல்லூரியாக உயர வேண்டும். இல்லையேல் மூடப்பட வேண்டும். அப்போது ஐடாவுக்கு வயது 70ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. பேராசிரியர்கள், ஆய்வகங்கள், படுக்கைகள் என எல்லாவற்றுக்கும் பெருநிதி தேவைப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு இசைவு கிடைத்தது.

நிதியைவிடப் பெரிய சிக்கல் கொள்கை பற்றியது. கல்லூரி நிலைபெற வேண்டுமெனில் பல திருச்சபைகளின் கூட்டு ஆதரவு வேண்டும். அக்கூட்டில் ஆண்களுக்கும் இடம் வேண்டும் என்ற கருத்து எழுந்தது. பெண்களுக்காகவே நிதி அளித்துவந்த அமெரிக்க மகளிர் ஆதரவாளர் சிலர் இதனை நம்பிக்கைத் துரோகமாகக் கருதி எதிர்த்தனர். அவர்களின் வாதத்தைப் புறந்தள்ள இயலாது. பெண்கள் தலைமையில், பெண்களுக்காக, பெண்களின் சேமிப்பால் எழுந்த நிறுவனம் இருபாலருக்குமானதாக மாறினால் பெண்களின் இடம் சுருங்கக்கூடும் என்ற அச்சம் நியாயமானதே. ஐடா இக்கூட்டு ஏற்பாட்டுக்கு இணங்கினார். 1947இல் ஆண் மாணவர்கள் சேர்க்கப்பட்டனர். அதே ஆண்டில் நாடு விடுதலை பெற்றது. தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று.

1946இல் ஐடா பொறுப்பிலிருந்து விலகினார். பின்னர் ஹில்டா லாசரஸ் கல்லூரியின் முதல் இந்திய இயக்குநரானார். பெண்களுக்கான நிறுவனம் இருபாலருக்குமானதாகவும், அயலார் தலைமை இந்தியர் தலைமையாகவும் மாறிய இக்காலத்தில், நிறுவனர் ஒதுங்கி நிற்கக் கற்றார். சீர்திருத்த மரபு கூறும் ‘பழைய இயல்பின் சாவு’ என்பதற்கு வரலாற்றில் ஒரு வடிவம் தேட வேண்டுமெனில், திண்டிவனத்து இரவைவிட 1940களின் இந்த இணக்கமே பொருத்தமானது. முன்னதில் அவர் ஒரு பணியை ஏற்றார். பின்னதில் தம் வாழ்நாள் பணியின் வடிவத்தையே விட்டுக்கொடுத்தார்.

5. குணமாதலும் மறுவாழ்வும்

வேலூரின் தொழுநோய்ப் பணி இதே கருத்தை மற்றொரு தளத்தில் வெளிப்படுத்துகிறது. 1914இல் பிறந்த பால் பிராண்ட் 1946இல் வேலூருக்கு வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில், விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கைப்பிடியில் வலிமை எஞ்சியிருப்பதை அவர் உணர்ந்தார். செயலற்ற தசைகளின் வேலையை நலமான தசைகளுக்கு மாற்றித் தரும் தசைநாண் மாற்று அறுவை மருத்துவம் அதிலிருந்து வளர்ந்தது. புண்களுக்கும் ஊனங்களுக்கும் பெருங்காரணம் உணர்விழப்பே என்பதும் தெளிவாயிற்று.

அறுவை மருத்துவம் வெற்றி பெற்றபின் எதிர்பாராத சிக்கல் தோன்றியது. கைகள் சீரான நோயாளிகளுக்கு இரந்துண்ணும் வழி அடைபட்டது. தொழிலோ அவர்களுக்குத் தெரியாது. ஊரோ அவர்களை ஏற்கவில்லை. எனவே ‘புதுவாழ்வு மையம்’ நிறுவப்பட்டு, தச்சு முதலிய கைத்தொழில்கள் கற்பிக்கப்பட்டன. 1955இல் கரிகிரி தொழுநோய் ஆய்வு நிலையம் தொடங்கியது. உணர்விழந்த பாதங்களைக் காக்க மென்மையான நுண்துளை ரப்பர் அடித்தளம் கொண்ட காலணிகள் உருவாக்கப்பட்டன. காலணித் தொழில் தழைத்த அதே வட்டாரத்தில், சந்தைக்காக அன்றிப் புண்பட்ட ஒரு பாதத்தின் அளவுக்காகச் செருப்பு தைக்கும் பட்டறை இயங்கியது. கை ஒரு நாளில் சீராகலாம். அக்கையுடன் வாழக் கற்பதற்கு ஆண்டுகள் தேவை என்ற அறிவே இம்முயற்சிகளின் அடிப்படை.

இக்கல்லூரியில் பயின்ற மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து இடுப்புக்குக் கீழ்ச் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்யப் பழகினார். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் மறுவாழ்வுச் சிகிச்சை பெற்று, நியூயார்க்கில் அத்துறையில் பயிற்சியும் பெற்றுத் திரும்பி, வேலூரில் உடலியல் மறுவாழ்வுத் துறையை வழிநடத்தினார். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். விபத்துக்கும் துறைத் தலைமைக்கும் இடையிலான ஆண்டுகளை வெறும் இடைவெளியாகக் கருத இயலாது. மாற்றம் நிகழ்ந்ததே அவ்வாண்டுகளில்தான்.

6. வரலாற்று எழுத்துக்கான கேள்விகள்

ஒரு கணத்தில் மனிதர் முழுமை பெறுவதாகக் கூறும் வரலாறு, அக்கணத்திற்குப் பிந்திய முடிவுகளை விமர்சனத்திற்கு அப்பால் வைத்துவிடுகிறது. ஐடாவின் 1918, 1947 ஆகிய ஆண்டுகளின் முடிவுகள், மாற்று வழிகள் இருந்தபோது எடுக்கப்பட்டவை; அவற்றை விவாதத்திற்குரியனவாகப் பார்ப்பது அவர் பெருமையைக் குறைக்காது. மேலும், திண்டிவனத்து இரவில் இறந்த மூன்று பெண்களும் கதையில் பெயரின்றியே நிற்கின்றனர். அவர்களின் மரணம் மற்றொருவரின் அழைப்புக்குப் பின்னணியாக மட்டும் அமைந்துவிடுகிறது. பெண்ணின் உடலையும் ஆடவரின் பார்வையையும் பற்றிய கட்டுப்பாடுகள் சாதி, சமய எல்லைகளைக் கடந்து ஒன்றுபோல் இயங்கியதற்கு அம்மூவரும் சான்று. சமூக வரலாறு தொடங்க வேண்டிய இடம் அதுவே.

ஆலைத் தொழிலாளர் குடும்பங்களிலும் ஒடுக்கப்பட்ட சாதிகளிலும் கிறித்தவம் தழுவியோருக்கு ஆன்மிக வளர்ச்சி என்பது கல்வி, தன்மதிப்பு, தொழில் மாற்றம் ஆகியவற்றோடு பின்னிப் பிணைந்தது. அவர்களின் சாட்சிகளையும் சபைப் பதிவேடுகளையும் இதே வளர்ச்சி நோக்கில் வாசிப்பது அடுத்தகட்ட ஆய்வுக்குரியது.

7. முடிவுரை

வேலூர் – ஆம்பூர் வட்டாரத்தின் சீர்திருத்த மரபும் லூத்தரன் மரபும் மனமாற்றத்தை வாழ்நாள் முழுவதும் நீளும் இயக்கமாகக் கண்டன. ஐடா ஸ்கடரின் வாழ்க்கையை 1890களின் ஓர் இரவில் நிறுத்தாமல் 1947 வரை தொடர்ந்து வாசித்தால், அவர் செய்ய முன்வந்தவற்றைப் போலவே விட்டுக்கொடுக்க முன்வந்தவையும் ஆன்மிக வளர்ச்சியின் சான்றுகளாகின்றன. பிராண்டின் நோயாளிகளும் மேரி வர்கீசும் காட்டுவதும் இதுவே: குணமாதல் தொடக்கம், மறுரூபமாதல் அதன்பின் நடக்க வேண்டிய நெடுவழி. தமிழ்க் கிறித்தவ வரலாறு அழைப்பின் நாள்களோடு அந்நெடுவழியின் ஆண்டுகளையும் பதிவு செய்யும்போதுதான், மனிதர்களும் நிறுவனங்களும் உண்மையில் எவ்வாறு மாறினர் என்பதை அது விளக்க இயலும்.