பச்சை மண்ணும் சுட்ட மண்ணும்

('நடிகனுக்குப் பெருமை சேர்ப்பது உடல் மாற்றமா? உள்ள மாற்றமா?' என்ற பட்டிமன்றத்தில் 'உள்ள மாற்றமே' என்ற அணியில் பேசியது)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! உடம்பைக் காட்டி எங்களைப் பயமுறுத்திக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) விருத்தாசலத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

எதிரணித் தம்பி சொன்னார், 'பாத்திரத்துக்காக உடம்பையே மாற்றுவது நேற்று வந்த கலை' என்று. தம்பி, நீங்கள் நிற்பது எந்த ஊர்? பீங்கான் ஊர். பாத்திரத்தைப் பற்றி இந்த ஊருக்கா சொல்லிக்கொடுக்கிறீர்கள்? (கைதட்டல்)

இந்த ஊர் அம்மன் கதை உங்களுக்கெல்லாம் தெரியும். குரு நமசிவாயர் பசியோடு வந்து, விருத்தாம்பிகையைக் கிழவி என்று அழைத்துச் சோறு கேட்டுப் பாடினார். அம்மன் கிழவியாகவே வந்து, 'கிழவியால் எப்படியப்பா நடந்து வந்து சோறு போட முடியும்?' என்றாளாம். இளமையாகப் பாடினார், இளம்பெண்ணாக வந்து சோறு போட்டாள். எந்த மேக்கப்மேன் வந்தான்? (சிரிப்பு) அவள் உருவம் மாறியது எதற்காக? ஒருத்தன் பசிக்காக. தாயுள்ளம் முன்னே போயிற்று, உடம்பு பின்னாலே வந்தது. என் கட்சி அவ்வளவுதான்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். நாடக மேடையிலே டி.கே.சண்முகம் என்கிற ஆண்மகன் ஔவையாராக நடித்தார். வேடம் கலைந்தது, பெயர் கலையவில்லை. ஊரே அவரை 'அவ்வை சண்முகம்' என்று கூப்பிட்டது. அவரிடம் சிறுவனாக நாடகம் பயின்ற கமல்ஹாசன், 1996இல் பெண் வேடம் கட்டிய படத்துக்கு 'அவ்வை சண்முகி' என்று பெயர் வந்தது. ஒரு பெயர் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது பாருங்கள்!

1952. 'பராசக்தி'. கதாநாயகன் புதுமுகம், ஒல்லி. 'இந்தப் பையன் சரிப்பட மாட்டான், வேறு ஆளைப் போடலாம்' என்று பேச்சு கிளம்பியது. தயாரிப்பாளர் பி.ஏ.பெருமாள் மட்டும் பிடிவாதமாக நின்றார். அந்தத் தீபாவளிக்குப் படம் வந்தது. கொட்டகையிலே ஜனங்கள் எடையா போட்டுப் பார்த்தார்கள்? நீதிமன்றக் காட்சியில் வசனத்தைக் கேட்டார்கள், சிவாஜி கணேசன் பிறந்தார். (கைதட்டல்)

1954. 'ரத்தக் கண்ணீர்'. எம்.ஆர்.ராதா மேடையிலே பல காலம் நடித்துப் பழகிய மோகனசுந்தரம். தொழுநோய் தின்ற முகம், மடங்கிய விரல், கரகரத்த குரல். பார்த்தவர்கள் நடுங்கினார்கள். ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அந்த நோயைப் பாவத்தின் சம்பளமாகக் கதை காட்டியது. அது பாவமுமில்லை, சாபமுமில்லை; கிருமியால் வருவது, கூட்டு மருந்தால் குணமாவது. உடம்பை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் இப்படித்தான் தவறு வரும்.

1964. 'நவராத்திரி'. சிவாஜிக்கு ஒன்பது வேடம். மேக்கப் போட்டார், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்பது தடவை எடை கூடி ஒன்பது தடவை இளைத்தா நடித்தார்? நடை மாறியது, பார்வை மாறியது, ஆள் மாறினான். 1967இல் 'திருவருட்செல்வர்' படத்தில் முதிர்ந்த அப்பராக வந்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. காஞ்சிப் பெரியவரை மனசில் வைத்து நடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். மனசில் வைத்தார் ஐயா, தராசில் வைக்கவில்லை! (கைதட்டல்)

எதிரணியின் துருப்புச்சீட்டு அமெரிக்கா. 'ரேஜிங் புல்' படத்துக்காக ராபர்ட் டி நீரோ ஏறக்குறைய 27 கிலோ கூடினார், படம் 1980இல் வந்தது, ஆஸ்கார் வாங்கினார். உண்மை. நம்ம வீட்டு மாப்பிள்ளைகள் கல்யாணமான வருஷத்திலேயே அந்த அளவு கூடுகிறார்களே, யாராவது விருது கொடுத்தார்களா? (பலத்த சிரிப்பு)

1989. 'அபூர்வ சகோதரர்கள்'. குள்ள அப்புவுக்காகக் கமல் காலை மடக்கி, முழங்காலில் பூட்ஸ் மாட்டி நடந்தார். 1996இல் 'இந்தியன்' தாத்தா. அமெரிக்க ஒப்பனைக் கலைஞர் மைக்கேல் வெஸ்ட்மோர் போட்ட முகம். இந்த வகை ஒப்பனையில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? நடிகர் முகத்தை அச்செடுத்து, பிளாஸ்டரில் வார்த்து, அதன்மேல் களிமண்ணால் சுருக்கங்களைச் செதுக்கி, மறுபடியும் அச்செடுத்து ரப்பர் தோல் வார்ப்பார்கள். உங்கள் தொழிற்பேட்டையில் பிளாஸ்டர் அச்சிலே களிமண் கூழை ஊற்றிக் கொலு பொம்மை எடுக்கிறீர்களே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி! (கைதட்டல்) ஆனால் அச்சு முகத்தைத்தான் கொடுக்கும். பெற்ற மகனையே தண்டிக்கிற தகப்பனின் கண்ணை எந்த அச்சில் வார்ப்பது?

1999. 'சேது'. விக்ரம் தலையை மழித்து, எலும்பும் தோலுமாக வந்தார். நானும் அழுதேன். எலும்பைப் பார்த்தா அழுதேன்? காதலி இறந்துகிடக்கிறாள் என்று தெரிந்து, ஒரு சொல் பேசாமல் திரும்பி நடந்தானே, அதற்கு அழுதேன். அவரே 2015இல் 'ஐ' படத்துக்காக உடம்பை ஏற்றினார், பிறகு இளைத்தார். அந்த உழைப்பைக் கும்பிடுகிறேன். அதே ஆண்டு 'இஞ்சி இடுப்பழகி' படத்துக்காக அனுஷ்கா உடம்பை ஏற்றினார். ஆண் ஏற்றினால் அர்ப்பணிப்பு என்கிறோம், பெண் ஏற்றினால் 'எப்போ இளைப்பே?' என்கிறோம். இது என்னங்க நியாயம்? (தாய்மார்கள் கைதட்டல்)

இப்போது சிரிப்பைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறேன். என் வகுப்பில் ஒரு பையன், பாடம் நடக்கும்போதே மயங்கி விழுந்தான். தண்ணீர் தெளித்து எழுப்பிக் கேட்டேன். 'மூணு நாளா சரியா சாப்பிடல ஐயா. அந்த நடிகர் மாதிரி ஆகணும்' என்றான். அவனை அழைத்துப் போக வந்த தாய், அவன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: 'நான் ஊட்டி வளர்த்த உடம்பு உனக்கு என்னடா பாவம் பண்ணுச்சு?' அவனுக்கும் பதிலில்லை, எனக்கும் பதிலில்லை. திரையில் வருகிறவருக்குப் பக்கத்திலே மருத்துவர் இருப்பார், பயிற்சியாளர் இருப்பார். இவனுக்கு யார் இருக்கிறார்கள்? அந்தக் காட்சிக்குக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு எனக்கு உறைத்தது.

உங்கள் ஊர்த் தொழிலாளிக்குத் தெரிந்த உண்மை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பச்சை மண்ணில் செய்த பாத்திரம் பிடிக்கவில்லையா? தண்ணீரில் ஊறப்போடுங்கள், மறுபடி மண்ணாகும், வேறு பாத்திரம் செய்யலாம். அதையே ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேலே சூளையில் சுட்டுவிட்டால் திரும்பாது. உடைந்தால் ஓடுதான். நடிகன் பச்சை மண்ணாக இருக்க வேண்டும். ஒரு பாத்திரமாகி, கரைந்து, அடுத்த பாத்திரமாக வேண்டும். அப்படிக் கரையத் தெரிந்தது உள்ளம். உடம்பு அப்படியல்ல. அதைச் சூளையில் போடச் சொல்லி நாம் கைதட்டக் கூடாது.

தமிழில் 'மெய்' என்றால் உடம்பு; 'மெய்' என்றால் உண்மையும்தான். உள்ளத்து உண்மை உடம்பில் தெரிவதைத்தான் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். முதலில் உண்மை, அப்புறம் உடம்பு. ஆகவே, நடிகனுக்குப் பெருமை சேர்ப்பது உள்ள மாற்றமே என்று கூறி, வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளை வயிறாரச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன். (நீண்ட கைதட்டல்)