பெயர் சூட்டியவர் யார்?

மணிலா நகரத்து ஆளுநர் மாளிகையிலிருந்து, 1849ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21ஆம் நாள் ஓர் ஆணை கிளம்பிற்று. ஆணையிட்டவர், ஸ்பெயின் அரசின் சார்பில் பிலிப்பைன் தீவுகளை ஆண்டுவந்த நார்சிசோ கிளாவேரியா. ஆணையோடு ஒரு பட்டியலும் சென்றது. படைக்கலங்களின் பட்டியலா? பறிமுதல் செய்யவேண்டிய பண்டங்களின் பட்டியலா? இல்லை, பெயர்களின் பட்டியல்! 60,000க்கும் மேற்பட்ட குடும்பப் பெயர்கள்! மரத்தின் பெயர், மலையின் பெயர், மணிகளின் பெயர், ஊரின் பெயர், கலைகளின் பெயர், எல்லாம் அகராதியைக் கவிழ்த்துக் கொட்டியதுபோல எழுத்து வரிசையிலே அடுக்கப்பட்டிருந்தன.

மாகாணத்துக்கு இத்தனை தாள் என்று பங்கிட்டனர். மாகாண அதிகாரி அதை ஊருக்கு இத்தனை தாள் என்று பங்கிட்டார். குடும்பத் தலைவன், ஊர்ப் பாதிரியாரும் பெரிய மனிதர்களும் வீற்றிருந்த அவைக்குச் சென்று, தன் ஊருக்கு வந்த தாளிலிருந்து ஒரு சொல்லைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பினான். அன்று தொட்டு அதுவே அவன் பெயர், அவன் பிள்ளையின் பெயர், பேரனின் பெயர். விளைவு என்ன தெரியுமா? சில ஊர்களிலே ஏறக்குறைய எல்லாக் குடும்பப் பெயர்களும் ஒரே எழுத்திலே தொடங்கின! ஆல்பே மாகாணத்து ஓவாஸ் என்னும் ஊருக்குச் சென்றது 'ர' ஒலியில் தொடங்கும் தாள். ஆகவே ஊரே 'ர' ஆயிற்று!

ஏன் இந்த வேடிக்கை? கிறித்தவம் தழுவிய தீவு மக்கள், சிலுவையின் பெயரையும் புனிதர்களின் பெயரையும் விரும்பிச் சூட்டிக்கொண்டனர். தெருவுக்குத் தெரு சிலுவை, திண்ணைக்குத் திண்ணை புனிதர். வரி தண்ட வந்தவனுக்கு, கொடுத்தவன் யார், கொடாதவன் யார் என்று புரியவில்லை. மக்களுக்கு அதனால் இடரேதும் இல்லை. தன் அண்டை வீட்டுக்காரனை அடையாளம் காண எவனுக்கும் பட்டியல் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது கணக்கேட்டுக்கு. ஆகவே, தீவு மக்களின் பெயர் மாற்றப்பட்டது!

இதனை நாம் எடுத்துக் கூறுவது வேடிக்கைக்காக அல்ல. பெயரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும், இதன் பொருள் இது, இதன் வேர் அது என்று சொல்லாராய்ச்சி நடத்துவதோடு நின்றுவிடுகின்றனர். நல்ல ஆராய்ச்சிதான். நாம் கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. பெயருக்கு என்ன பொருள் என்பது இருக்கட்டும். அந்தப் பெயரைச் சூட்டியவர் யார்?

ரோமாபுரிக்குச் செல்வோம். சட்டத்துக்கும் சாலைக்கும் பெயர்பெற்ற அந்தப் பேரரசிலே, பழங்காலத்து அடிமைக்குத் தனக்கென ஒரு பெயர் கிடையாது. மார்க்கஸ் என்பவனின் அடிமை 'மார்க்கிபோர்', அதாவது மார்க்கஸின் பையன். லூசியஸின் அடிமை 'லூசிபோர்', லூசியஸின் பையன். நரை திரை வந்தாலும் பையன்தான்! விடுதலை கிடைத்தால்? அப்போதும் ஆண்டானின் பெயர் தொடர்ந்து வந்தது. நாவலர் சிசரோவின் எழுத்தனாக இருந்த டைரோ, கி.மு. 53இல் விடுதலை பெற்றான். பெற்றதும் மார்க்கஸ் டுல்லியஸ் டைரோ ஆனான். முதலிரண்டும் சிசரோவின் பெயர். வாலிலே தொங்கும் டைரோ மட்டுமே அவனது பெயர். விலங்கு கழன்றது, முத்திரை கழலவில்லை.

அடிமையை விடுங்கள், ஆண்டானின் மகள் நிலை என்ன? சிசரோவின் மகள் டுல்லியா. சீசரின் மகள் ஜூலியா. குலப்பெயரைப் பெண்பாலாக்கினர், அவ்வளவே! இரண்டு பெண் பிறந்தால்? இருவருக்கும் அதே பெயர். ஆண்டனிக்கும் ஆக்டேவியாவுக்கும் பிறந்த பெண்கள் இருவருமே அன்டோனியா. ஒருத்தி மூத்தவள், மற்றொருத்தி இளையவள். உலகையே ஆண்ட நகரம், உயர்குடியிற் பிறந்த மகளுக்கென்று ஒரு தனிப்பெயர் தேட மனமின்றி இருந்தது.

சீசர் மாண்டு பதினெட்டு நூற்றாண்டு கழிந்தபின், அமெரிக்கத் தோட்டங்களிலே சீசர் மீண்டும் பிறந்தான்! பாம்ப்பியும் பிறந்தான், கேட்டோவும் பிறந்தான், தேவராஜன் ஜூபிட்டரும் பிறந்தான். எல்லோரும் அடிமைகள்! லத்தீன் கற்ற வெள்ளை முதலாளி, பருத்தி எடுக்கும் கறுப்பனுக்குப் பேரரசன் பெயரைச் சூட்டி, விருந்தினரோடு சேர்ந்து சிரித்தான். சொத்துக் கணக்கிலே குதிரைக்கும் பசுவுக்கும் அருகே எழுதப்பட்டது சீசரின் பெயர், விலையோடு.

அந்தக் கொடுமையை அனுபவித்த ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். ஒலாடா இக்குவியானோ என்பது அவர் பெயர். 1789இல் வெளிவந்தது அவர் வாழ்க்கை வரலாறு. ஒலாடா என்றால் நற்பேறு பெற்றவன், உரத்த குரலும் நாவன்மையும் உடையவன் என்றெல்லாம் தம் இனத்தாரின் மொழியிலே பொருள் உண்டு என்கிறார். கப்பலிலே அவரை மைக்கேல் என்றனர். வர்ஜீனியாவிலே ஜேக்கப் என்றனர். பிறகு விலைக்கு வாங்கிய கப்பல் தலைவன், கஸ்தாவஸ் வாசா என்றான். இளைஞர் மறுத்தார்; ஜேக்கப் என்றே அழையுங்கள் என்று மன்றாடினார். கிடைத்தது அடி. அடி தாங்காமல் அந்தப் பெயரையே ஏற்றார். கஸ்தாவஸ் வாசா யார்? சுவீடன் நாட்டை அயலார் பிடியிலிருந்து மீட்ட மன்னன்! விடுதலை வீரனின் பெயரை ஓர் அடிமைக்கு அடித்துப் புகுத்திய அந்தக் கப்பல் தலைவனுக்கு, தான் செய்வது இன்னதென்று தெரிந்திருக்குமோ?

இந்த இருளிலேதான் எதிர்ப்பும் முளைத்தது. பிரடெரிக் அகஸ்டஸ் வாஷிங்டன் பெய்லி என்னும் நீண்ட பெயரோடு பிறந்த அடிமை இளைஞர் ஒருவர், 1838இல் பால்டிமோர் நகரிலிருந்து தப்பினார். இடையிலிருந்த அகஸ்டஸ், வாஷிங்டன் இரண்டையும் முன்னரே உதறியிருந்தார். தப்பும்போது ஸ்டான்லி. நியூயார்க் வந்ததும் ஜான்சன். நியூ பெட்போர்டு ஊருக்குப் போனால், அங்கே எங்கு திரும்பினும் ஜான்சன்! அடைக்கலம் தந்த நண்பரும் ஜான்சனே. ஆகவே அவரிடமே, எனக்கு ஒரு பெயர் தாருங்கள் என்றார். ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார்: பிரடெரிக் என்பதை எடுக்கக்கூடாது, தாம் யார் என்ற உணர்வுக்கு அது ஒன்றேனும் எஞ்சவேண்டும்! நண்பர் அப்போது ஸ்காட் எழுதிய காவியமொன்றைப் படித்து முடித்திருந்தார். அதிலிருந்து ஒரு பெயரை எடுத்துக் கொடுத்தார். அடிமை முறையின் அடித்தளத்தையே ஆட்டிய பிரடெரிக் டக்ளஸ் இப்படித்தான் பிறந்தார். ஐந்தாண்டு கழித்து, 1843இல், இசபெல்லா என்ற கறுப்பினப் பெண், யாரையும் கேளாமல், தமக்குத் தாமே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்: சோஜர்னர் ட்ரூத். ஊர் ஊராய்ச் செல்லும் உண்மை என்று பொருள். பெயருக்கு ஏற்ப ஊர் ஊராய்ச் சென்று பேசவும் செய்தார்.

மேற்கு ஆப்பிரிக்காவின் அக்கான் மக்களிடையே ஒரு வழக்கம் உண்டு. பிறந்த கிழமையே குழந்தையின் பெயர்களில் ஒன்று. வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி, சனிக்கிழமை பிறந்தவன் குவாமே, ஞாயிற்றுக்கிழமை பிறந்தவன் குவாசி. கிழமையிலே உயர்வேது, தாழ்வேது? மன்னன் மகனுக்கும் மீனவன் மகனுக்கும் வாரத்திலே ஏழே நாள்! இப்படி ஒரு கோஃபி, அடிமையாக மாசசூசெட்ஸ் வந்து, ஆண்டானின் பெயரைச் சுமந்து, கோஃபி ஸ்லோகம் என வாழ்ந்தார். அவர் மகன் பால், ஸ்லோகத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத் தந்தையின் கிழமைப் பெயரையே குடும்பப் பெயராக்கி, பால் கஃபி என்ற பெயரோடு கப்பல்களுக்கு உரிமையாளராக உயர்ந்தார். பின்னாளில் கானா நாட்டை விடுதலைக்கு அழைத்துச் சென்ற தலைவரும் பிரான்சிஸ் என்ற பெயரை விலக்கி, சனிக்கிழமையைத் தேர்ந்து, குவாமே நிக்ருமா ஆனார்.

குத்துச்சண்டை வீரர் முகமது அலியை அறியாதார் யார்? 1964இல், கேசியஸ் க்ளே என்பது அடிமைப் பெயர் என்று அறிவித்தார். எதிராளி எர்னி டெரல், வேண்டுமென்றே க்ளே, க்ளே என்றே அழைத்துவந்தார். 1967 பிப்ரவரி 6ஆம் நாள், ஹூஸ்டன் நகரிலே 15 சுற்றுச் சண்டை. குத்துக்கு இடையிடையே அலி முழங்கினார்: என் பெயர் என்ன? என் பெயர் என்ன? இதிலே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பழைய கேசியஸ் க்ளே ஒரு வெள்ளையர்தான். ஆனால் தம் அடிமைகளை விடுவித்து, அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர். நல்லவர் பெயர்தானே, வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். நல்லவர் பெயரேயாயினும், ஏற்பதோ மறுப்பதோ சுமப்பவரின் உரிமை என்பதே நம் கருத்து.

அரசுகளின் கதையை இன்னும் இரண்டு வரியில் சொல்லி முடிப்போம். பொதுமக்கள் வெளிப்படையாகக் குடும்பப் பெயர் வழங்கத் தடை இருந்த ஜப்பானிலே, 1870இல் அனுமதி வந்தது. 1875இல், வரிக்கும் படைக்கும் ஆள் கணக்கு வேண்டுமென்று, அதுவே கட்டாயமாயிற்று. வயல் நடுவே வாழ்ந்தவர் பலர் தனாகா ஆயினர். 'வயலின் நடு' என்பதே அதன் பொருள். தன் உழவனுக்குப் பெயர் வழங்கிய அதே அரசு, 1940இல் கொரியா மக்களிடம், பெயரை ஜப்பானிய முறைக்கு மாற்றி ஆறு திங்களில் பதிவு செய்க என்றது. நூற்றுக்கு எண்பது குடும்பம் பணிந்தது. ஆட்சி ஒழிந்தபின், 1946இல் பெயர்கள் மீண்டன. ஜெர்மனியிலோ, யூதருக்கென ஒரு பெயர்ப்பட்டியலே வகுத்து, அதில் இல்லாத பெயருடைய ஆண்கள் யாவரும் 'இஸ்ரேல்' என்றும், பெண்கள் யாவரும் 'சாரா' என்றும் சேர்த்துக்கொள்ள வேண்டுமென 1938 ஆகஸ்டில் நாஜிகள் ஆணையிட்டனர். பிரித்துக் குறித்துக்கொண்டனர் முதலில். பிறகு நடந்ததை உலகம் அறியும்.

அயல்நாட்டுக் கொடுமையைக் கேட்டு ஆத்திரப்படும் தோழர்களே, நம் வீட்டு ஏட்டையும் சற்றுப் புரட்டுவோம்! மனுநீதி நூலின் இரண்டாம் அத்தியாயம் பெயரிடும் விதியைக் கூறுகிறது. பார்ப்பனன் பெயரிலே மங்கலம் துலங்கவேண்டும். சத்திரியன் பெயரிலே வலிமை. வைசியன் பெயரிலே செல்வம். சூத்திரன் பெயரிலே இழிவு! கிளாவேரியா கூட எந்தத் தாளில் எந்த எழுத்து என்றுதான் பார்த்தார். இழிவைத் தனித்தாளில் அச்சிட்டுக் கொடுக்கவில்லை. குழந்தை கண் திறக்குமுன் அதன் நெற்றியிலே இழிவை எழுதிய ஏடு நம் நாட்டு ஏடு.

இங்கே அவசரப்பட்டு, குப்பன், பிச்சை என்ற பெயரெல்லாம் மனுவின் வேலை என்று கூறிவிடக்கூடாது. பிறந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாய் மாண்டுபோக, அடுத்ததையாவது எமன் பொருட்படுத்தாது விடட்டும் என்று குப்பையிலே கிடத்தி எடுத்துப் பெயரிட்ட தாய்மாரும் உண்டு. மூடநம்பிக்கைதான், ஆயினும் அதன் அடியிலே இருந்தது அன்பு. மனுவின் விதியிலே இருந்தது அன்பல்ல.

கீழடியில் கிடைத்த பானை ஓடுகளிலே ஆதன், குவிரன் என்ற பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. குலமும் இல்லை, குறியும் இல்லை, வெறும் பெயர்! குறுந்தொகையிலே ஒரு புலவரின் இயற்பெயர் மறைந்துபோனதால், அவர் பாட்டிலே படைத்த உவமையையே எடுத்துச் செம்புலப்பெயல்நீரார் என்று வழங்கினர். தன் ஆக்கத்தாலேயே பெயர் பெற்றவர் அவர். அந்த நாட்டிலேதான் பின்னர்ப் பெயருக்குப் பின்னே சாதி வால் முளைத்தது. அதை அறுக்கத் தீர்மானித்தது 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு. வாலை வெட்டியவர்கள், பெயருக்கு முன்னே தந்தையின் எழுத்தொன்றை வைத்ததோடு நிறைவுற்றனர். ஐஸ்லாந்திலும் ஏறக்குறைய இம்முறையே: இன்னார் மகன், இன்னார் மகள் என்பதே பெயரின் பின்பகுதி. 1980இல் அங்கே குடியரசுத் தலைவரான அம்மையார் விக்டிஸ் பின்போகடாட்டிர், 'பின்போகியின் மகள்' விக்டிஸ்தான்.

வால் போயிற்று. தலைப்பெழுத்து? அதுவும் பெண்ணுக்கு ஒரு தலையெழுத்தாகவே இருந்துவருகிறதே! மணநாள்வரை தந்தையின் எழுத்து, மறுநாள்முதல் கணவனின் எழுத்து என்றுதானே பலர் வாழ்வு நடந்திருக்கிறது? தாயின் எழுத்தைத் தலைப்பிலே தாங்கிய ஆண்மகன் எத்தனை பேர்? நாம் எள்ளி நகையாடினோமே ரோமாபுரியை, அங்கேகூட டுல்லியா மணமான பின்னும் டுல்லியாவாகவே இருந்தாள்!

1938ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் சென்னையிலே தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடிற்று. தலைமை தாங்கியவர் நீலாம்பிகை அம்மையார். வேதாசலம் என்ற பெயரைத் தமிழாக்கிக்கொண்ட மறைமலையடிகளின் மகளார். அந்த மாநாட்டிலே ஒரு தீர்மானம் நிறைவேறிற்று. ஈ.வெ. ராமசாமியை இனிப் பெரியார் என்றே அழைக்கவேண்டும் என்பது தீர்மானம். இன்றுவரை நாடு அழைக்கும் அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் அந்தப் பெண்கள்தாம்.