எபிரேயத் திருப்பாடல்களும் மூலமொழிக் கல்வியும்

ஒரு மக்கட் கூட்டத்தாரின் திருப்பாடல்களைப் பிறர் மூலமொழியிற் கற்க முற்பட்ட வரலாறு, மொழிக் கல்வியின் வரலாறு மாத்திரமன்று. அம்மொழிக்குரியோரை மதித்ததும் இகழ்ந்ததுமான வரலாறுமாகும். எபிரேயத் திருப்பாடல்கள் 150ம் ஐரோப்பியரால் பயிலப்பட்டவாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இப்பாடல்கள் கிறித்துவுக்கு முன்னரே கிரேக்கத்திற் பெயர்க்கப்பட்டன. மேலைத் திருச்சபையினர் அக்கிரேக்கத்தின் வழிவந்த இலத்தீன் பாடத்தையே வழிபாட்டில் ஓதினர். கி.பி. 386 இல் பெத்லகேமிற் குடியமர்ந்த ஜெரோம், யூத ஆசிரியரிடம் எபிரேயம் பயின்று, ஏறத்தாழ 392 அளவில் மூலத்திலிருந்தே அவற்றை இலத்தீனாக்கினார். ஆயினும், வழிபாட்டில் அப்பெயர்ப்பு இடம்பெறவில்லை. செவிக்குப் பழகிய பாடத்தின் வலிமை அத்தகையது.

மறுமலர்ச்சிக் காலத்தில் இக்கல்வி மீண்டும் தழைத்தது. ஜேர்மனிய அறிஞரான யோகான் ரொய்க்லின், பேரரசரின் மருத்துவராயிருந்த யூதர் ஒருவரிடம் எபிரேயம் கற்று, 1506 இல் அம்மொழிக்கு இலக்கணமும் அகராதியும் வெளியிட்டார். அந்நூல் இடைக்கால யூத இலக்கண ஆசிரியராகிய தாவீது கிம்கியின் நூல்களைப் பெரிதும் தழுவியது. 1509 இல், திருமறை தவிர்ந்த யூத நூல்களைப் பறித்து அழிக்கும் முயற்சி பேரரசின் ஆணையோடு தொடங்கியது. கருத்துக் கேட்கப்பட்ட ரொய்க்லின், அவற்றை அழித்தலாகாது என 1510 இல் எழுதினார். இதன் பொருட்டு அவர் நெடுங்காலம் வழக்காட நேர்ந்தது; 1520 இல் உரோமையின் தீர்ப்பும் அவருக்கு எதிராகவே அமைந்தது. திருப்பாடல்களை மாத்திரம் வைத்துக்கொண்டு, அவற்றை விளக்கும் இலக்கணத்தையும் உரையையும் எரிப்பது கல்வியின் வேரை அறுப்பதாகும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

மூலமொழி அறிந்தோர்க்கும் அப்பாடல்களின் யாப்பு எளிதிற் புலப்படவில்லை. ஜெரோம் அவற்றிற் கிரேக்க, இலத்தீன் யாப்பு வகைகளையே தேடினார். 1741 முதல் ஒக்ஸ்போர்டிற் கவிதைப் பேராசிரியராக விளங்கிய ரொபேர்ட் லௌத், 34 விரிவுரைகளை இலத்தீனில் நிகழ்த்தி, 1753 இல் நூலாக்கினார். ஓரடியின் கருத்தை அடுத்த அடி ஒத்தோ, முரணியோ, தொடர்ந்தோ செல்லும் இணையமைப்பே அக்கவிதையின் உயிர்நிலை என அவர் நிறுவினார். எதுகை, மோனை போன்ற ஓசை ஒப்புமையினும் கருத்தின் இணைவே ஆங்கு முதன்மை பெறுகின்றது. இரண்டாம் அடி முதலடியை வெறுமனே மீட்டுரைப்பதன்று, அதனை மேலும் கூர்மையாக்குவது என ஜேம்ஸ் கூகல் 1981 இல் வெளியிட்ட நூல் இக்கொள்கையைத் திருத்தியது.

கருத்திணைவு மொழிபெயர்ப்பிலும் ஓரளவு எஞ்சும். ஆனால், 22 எபிரேய எழுத்துகளும் வரிசையாக அடிமுதலில் நிற்கும் அமைப்பு மொழிபெயர்ப்பிற் பெரும்பாலும் மறைந்தொழியும். 119ஆம் பாடலில் எழுத்தொன்றுக்கு 8 வசனங்களாக 176 வசனங்கள் உள்ளன. 145ஆம் பாடலும் இவ்வமைப்பினதே. எனினும், மரபுவழி எபிரேயப் பாடத்தில் அதன் 'நூன்' என்னும் எழுத்துக்குரிய வசனம் இல்லை. பழைய கிரேக்கப் பெயர்ப்பிலோ அவ்விடத்தில் ஒரு வசனம் உண்டு. 1956 இல் சாக்கடலருகே கும்ரான் 11ஆம் குகையிற் கிடைத்த திருப்பாடற் சுருளில் அவ்வசனம் எபிரேயத்திலேயே காணப்பட்டது. அது பிற்காலச் சேர்க்கை என்பாரும் உளர். எனினும், பண்டைய எபிரேயத்தில் அது வழங்கியமை தெளிவாயிற்று.

இதனால் பெறப்படுவது யாதெனில், மூலமும் மொழிபெயர்ப்பும் ஒன்றையொன்று பகைப்பன அல்ல என்பதாகும். மூலம் அறியாதோர் பாடலின் கட்டமைப்பை இழப்பர். மூலப் பிரதி ஒன்றையே நம்புவோர் காலம் அதிற் செய்த சிதைவை உணரார். இவ்விரு குறைகளும் நீங்கக் கற்பதற்கு அம்மொழியைக் காத்து வந்த மக்களும் அவர்தம் நூல்களும் வாழ வேண்டும். அழிப்பாரை எதிர்த்து ரொய்க்லின் எழுதியதன் பொருள் இதுவே எனத் துணியலாம்.