தேடும் சுமை யாருடையது? தென்னாப்பிரிக்க உயர்கல்வி உதவித்தொகை குறித்து ஓர் ஆய்வு

1. சிக்கலின் வரையறை

தென்னாப்பிரிக்காவில் பள்ளியிறுதி வகுப்பில் படிக்கும் ஏழை மாணவருக்கு உதவித்தொகை பற்றி ஆசிரியர்களும் ஊடகங்களும் சொல்லும் அறிவுரை ஏறத்தாழ ஒன்றே: முன்கூட்டியே தேடு, பல இடங்களுக்கு விண்ணப்பி, கடைசி நாளைத் தவறவிடாதே. அறிவுரையில் தவறில்லை. ஆனால் அதன் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது. பணம் எங்கோ இருக்கிறது, மாணவருக்குத்தான் தெரியவில்லை என்பதே அது. அந்த அனுமானத்தை இக்கட்டுரை மறுக்கிறது. தேடுவதும் விண்ணப்பிப்பதும் பணம், நேரம், வழிகாட்டுதல் ஆகிய மூன்றையும் கேட்கும் வேலை. இம்மூன்றும் ஓரளவு வாய்த்தவருக்கே உதவித்தொகை எளிதில் கிடைக்கிறது. தகுதியை உறுதிசெய்யத் தேவையான விவரங்களில் பெரும்பகுதி அரசின் கையிலேயே இருக்கும்போது, தேடும் சுமையை மாணவர் தலையில் வைப்பதற்கு வலுவான நியாயம் எதுவும் இல்லை என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

2. கடனிலிருந்து கொடைக்கு

1959-ஆம் ஆண்டின் பல்கலைக்கழகக் கல்வி விரிவாக்கச் சட்டம், பெயருக்கு நேர்மாறாக, வெள்ளையரல்லாத மாணவர்களுக்கு அதுவரை திறந்திருந்த பல்கலைக்கழகக் கதவுகளையும் சாத்தியது. இனவாரியாகத் தனிக் கல்லூரிகள் எழுந்தன. இந்தியர்களுக்கென 1961-இல் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் ஒன்று தொடங்கியது. அரசு ஒதுங்கிக்கொண்ட இடங்களில் சமூகத்தின் பணமே கல்வியைத் தாங்கி வந்தது. வலங்கைமானில் பிறந்த வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி 1927-இல் இந்திய அரசின் பிரதிநிதியாகத் தென்னாப்பிரிக்கா சென்ற காலத்தில், அங்குள்ள இந்தியர்களிடம் திரட்டிய நன்கொடையால் உருவானதே டர்பனின் சாஸ்திரி கல்லூரி. ஒப்பந்தக் கூலியாக வந்து வணிகரான எம்.எல். சுல்தானின் கொடையால் வளர்ந்த தொழில்நுட்பக் கல்லூரி, இன்றைய டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இணைந்திருக்கிறது. போற்றத்தக்க முயற்சிகள்தாம். ஆயினும் நிதி திரட்டும் ஆற்றல் பெற்ற சமூகத்துக்கே அவை கைகூடின. கொடையை நம்பிய கல்வியின் எல்லை அங்கேயே தெரிந்துவிட்டது.

நிறவெறி ஆட்சியின் இறுதிக் காலத்தில், 1991-இல், மாணவர் கடன் வழங்க ஓர் அறக்கட்டளை அமைந்தது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அது தேசிய மாணவர் நிதியுதவித் திட்டமாக உருப்பெற்றது. அக்காலத்தில் அது அடிப்படையில் கடன் திட்டம். பாடங்களில் தேறினால் கடனில் 40 விழுக்காடு வரை கொடையாக மாறும். எஞ்சியதை, வேலை கிடைத்த பின் சம்பளத்தில் 3 முதல் 8 விழுக்காடு வரை செலுத்தித் தீர்க்க வேண்டும்.

2015 அக்டோபரில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் கட்டண உயர்வுக்கு எதிராகத் தொடங்கிய மாணவர் போராட்டம் நாடு முழுதும் பரவியது. அவ்வாண்டு அக்டோபர் 23 அன்று, 2016-க்குக் கட்டண உயர்வு இல்லை என்று அறிவிக்கும் நிலைக்கு அதிபர் ஜேக்கப் ஸூமா வந்தார். பின்னர் அவர் அமைத்த ஹெஹர் விசாரணை ஆணையம், பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பிற்கால வருமானத்தோடு பிணைந்த கடனையே 2017-இல் பரிந்துரைத்தது. அறிக்கை வெளியாகி ஐந்து வாரம்கூட ஆகாத நிலையில், டிசம்பர் 16 அன்று, ஆளுங்கட்சி மாநாடு தொடங்கிய நாளில், ஸூமா வேறு வழியில் போனார். ஆண்டு வருமானம் 3,50,000 ரேண்ட் வரையுள்ள குடும்பத்து மாணவர்களுக்குக் கடன் இல்லை, முழுக் கொடை என்றார். அதற்கு முந்தைய வரம்பு 1,22,000 ரேண்ட்தான்.

புதிய கல்வியாண்டுக்குச் சில வாரங்களே இருந்தன. நிர்வாகத்தால் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 2018 ஆகஸ்டிலேயே திட்டம் தனி நிர்வாகியின் பொறுப்பில் வைக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் வாரியம் கலைக்கப்பட்டு அதே நிலை திரும்பவும் வந்தது. உரிமை பெரிதும் விரிந்தது. உரியவரை அடையாளம் காணும் ஏற்பாடு அதற்கேற்ப வளரவில்லை.

3. மூன்று ஊற்றுகள், மூன்று வாசல்கள்

இன்று பணம் மூன்று வழிகளில் வருகிறது. முதலாவதும் மிகப் பெரியதும் மேற்கண்ட தேசியத் திட்டம். 26 அரசுப் பல்கலைக்கழகங்களிலும் 50 அரசுத் தொழிற்கல்லூரிகளிலும் பயிலும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அது உதவுகிறது. இங்கே முதன்மையான அளவுகோல் வறுமை.

இரண்டாவது, பணிக்கடப்பாட்டோடு வரும் அரசு நிதி. ஆசிரியர் பயிற்சிக்கென 2007-இல் தொடங்கிய ஃபுன்சா லுஷாகா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நிதி பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டு அரசுப் பள்ளியில் கற்பிக்க வேண்டும். தவறினால் தொகை கடனாக மாறும். இங்கே அளவுகோல் நாட்டின் ஆள்தேவை.

மூன்றாவது, நிறுவனங்களும் அறக்கட்டளைகளும் தருவது. சாசோல் போன்ற நிறுவனங்கள் பொறியியலுக்கும், பட்டயக் கணக்காளர் அமைப்பின் துதூக்கா நிதி கணக்கியலுக்கும், ஆலன் கிரே ஆர்பிஸ் அறக்கட்டளை தொழில்முனைவு நாட்டமுள்ளோருக்கும் உதவுகின்றன. தாராள மனம் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல இயலாது. கறுப்பினத்தார் பொருளாதார வலுவூட்டல் விதிகளில் 2019-இல் வந்த திருத்தப்படி, ஊதியச் செலவில் 2.5 விழுக்காட்டைக் கறுப்பின மாணவர் உயர்கல்விக்குச் செலவிடும் நிறுவனத்துக்குப் புள்ளிகள் கிடைக்கின்றன. அரசு ஒப்பந்தம் நாடுவோருக்குப் புள்ளிகள் இன்றியமையாதவை. சட்டத்தின் பார்வையில் கறுப்பினத்தார் என்போருள் இந்திய வம்சாவளியினரும் அடங்குவர். எனவே டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வாழும் தமிழ் வம்சாவளி மாணவருக்கும் இவ்வாசல் திறந்தே இருக்கிறது. இங்கே அளவுகோல் பெரும்பாலும் மதிப்பெண்.

ஆக, ஒரே மாணவர் மூன்று வாசல்களிலும் மூன்று வேறு ஆளாகத் தம்மைக் காட்ட வேண்டியிருக்கிறது. முதல் வாசலில் ஏழையாகவும், இரண்டாவதில் வருங்கால ஊழியராகவும், மூன்றாவதில் வகுப்பில் முதல்வராகவும் நிற்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிக் கெடு.

4. காலமும் காகிதமும்

தேடல் பன்னிரண்டாம் வகுப்பில் தொடங்குவதாக எண்ணுவது பிழை. பத்தாம் வகுப்பில் மாணவர் கணிதத்தையோ அன்றாடக் கணக்கை மட்டும் கற்பிக்கும் ‘கணித எழுத்தறிவு’ பாடத்தையோ தேர்ந்தெடுக்கிறார். இரண்டாவதை எடுத்தவருக்குப் பொறியியல், பட்டயக் கணக்கியல், காப்பீட்டுக் கணிப்பியல் சார்ந்த நிறுவன உதவித்தொகைகள் அந்த நாளிலேயே கைநழுவிவிடுகின்றன. கணிதமே கற்பிக்காத அரசுப் பள்ளிகளும் இருப்பதால், பல இடங்களில் இது மாணவரின் தேர்வுகூட இல்லை. அடுத்து, பல நிறுவனங்கள் பதினொன்றாம் வகுப்பின் இறுதி மதிப்பெண்ணைக் கொண்டே ஆளெடுத்து, அடுத்த ஆண்டின் நடுவிலேயே வாசலை மூடிவிடுகின்றன. பள்ளியிறுதித் தேர்வில் ஒருவர் எவ்வளவு சிறந்தாலும் அதற்குள் காலம் கடந்திருக்கும்.

காகிதங்களையும் சற்று நெருங்கிப் பார்ப்போம். அடையாள ஆவணத்தின் சான்றிட்ட படி, மதிப்பெண் சான்றிதழின் படி, பெற்றோரின் அண்மைக்கால ஊதியச் சீட்டு, வேலை இல்லையெனில் அதற்கான உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றைப் பெரும்பாலான தனியார் விண்ணப்பங்கள் கேட்கின்றன. சான்றிடும் முத்திரையும் மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கலாகாது என்பது வழக்கமான நிபந்தனை. காவல் நிலையத்தில் முத்திரைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் லிம்போப்போவின் சிற்றூரிலிருந்து காவல் நிலையம் உள்ள ஊருக்கு மினிபஸ் டாக்சியில் போய்வரவும், நகலெடுக்கவும், ஆவணங்களை ஏற்றுவதற்கு டேட்டா வாங்கவும் காசு வேண்டும். பிரிந்துபோன தந்தையின் வருமானத்துக்குச் சான்று கேட்கும் படிவம், பாட்டி வீட்டில் வளரும் பிள்ளையை அப்படியே நிறுத்திவிடும். கெடுக்கள் ஆண்டின் வெவ்வேறு மாதங்களில் வருவதால், முத்திரை காலாவதியாகி இதே அலைச்சலைத் திரும்பவும் மேற்கொள்ள வேண்டியிருக்கும்.

5. இடையில் விடுபட்டோர்

வருமானம் 3,50,000 முதல் 6,00,000 ரேண்ட் வரையுள்ள குடும்பங்களை ‘விடுபட்ட நடுப்பிரிவு’ என்கிறார்கள். செவிலியரும் காவலரும் ஆசிரியரும் உள்ள வீடுகள் இவை. தேசியத் திட்டத்துக்கு இவர்கள் வசதியானவர்கள். வங்கியின் கண்ணில் போதிய பிணை காட்ட முடியாதவர்கள். 2018-இல் வகுத்த வரம்பு, விலைவாசி ஏறியும் நெடுங்காலம் அதே எண்ணில் நின்றதால், சம்பளம் பெயரளவில் உயர்ந்த குடும்பங்கள் பல இப்பிரிவுக்குள் தள்ளப்பட்டன. இவர்களுக்கென 2024-இல் 380 கோடி ரேண்ட் தொடக்க நிதியோடு கடன் திட்டம் ஒன்றை அரசு அறிவித்தது. ஹெஹர் ஆணையம் காட்டிய கடன் பாதைக்கு, ஒரு பிரிவினர் அளவிலேனும், அரசு இவ்வாறு திரும்பி வந்திருக்கிறது.

6. மறுப்புகளும் மறுமொழியும்

தகுதியானவரை அரசே கண்டறியட்டும் என்பதற்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும்.

முறைசாராத் தொழிலில் ஈட்டும் வருமானம் வரிப் பதிவுகளில் தெரியாது என்பது முதல் மறுப்பு. உண்மைதான். ஆனால் வறியவர் பட்டியல் வரித்துறையிடம் மட்டும் இல்லை. வருமானச் சோதனைக்குப் பிறகே தரப்படும் குழந்தை உதவித்தொகையைச் சமூகப் பாதுகாப்பு முகமை 18 வயது வரை வழங்குகிறது. அந்த முகமையின் உதவி பெறுவோரைத் தேசியத் திட்டம் வருமான அளவில் தகுதியுடையோராக ஏற்கிறது. பெயர், அடையாள எண், வயது, வறுமைநிலை ஆகிய நான்கையும் அரசு ஆண்டுக்கணக்கில் அறிந்து வைத்திருக்கும் ஒரு பிள்ளை, 18 வயதில் தன்னைப் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருப்பது நிர்வாகத்தின் குறையே.

நன்கொடையாளருக்குத் தேர்வுச் சுதந்திரம் வேண்டும் என்பது இரண்டாவது. அதைப் பறிக்கத் தேவையில்லை. குவாசுலு-நேட்டாலின் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான சேர்க்கை விண்ணப்பங்களை டர்பனில் உள்ள ஒரு பொது அலுவலகம் ஒரே படிவத்தில் பெற்றுப் பகிர்ந்தளிக்கிறது. உதவித்தொகைக்கும் அவ்வாறு செய்யலாம். மாணவர் ஒருமுறை தரும் விவரத்திலிருந்து ஒவ்வொரு நிறுவனமும் தன் அளவுகோலின்படி தேர்ந்தெடுக்கட்டும்.

மையப்படுத்தினால் மையமே சரியும் என்பது மூன்றாவது, மிக வலுவானதும்கூட. 2023-இல் மாணவர் படிகளைப் பல்கலைக்கழகங்களைத் தவிர்த்து நேரடியாகச் செலுத்த ஒப்பந்த நிறுவனங்களை அமர்த்தியதில் தாமதமும் கட்டணப் பிடித்தமும் குறித்துப் புகார்கள் குவிந்தன. திட்டத்தின் தலைமை அதிகாரி பதவி இழந்தார். ஆயினும் அது பணப் பட்டுவாடாவில் நேர்ந்த தோல்வி. அடையாளம் காண்பதும் பணம் தருவதும் ஒரே கையில் இருக்க வேண்டியதில்லை. முன்னதற்கு நாடு தழுவிய தரவு வேண்டும். பின்னதற்கு மாணவரை நேரில் அறிந்த பல்கலைக்கழகமே ஏற்றது. விடுதி, வழிகாட்டி, பாடத்துணை ஆகியவற்றைத் தொகையோடு சேர்த்தே தரும் துதூக்காவின் அணுகுமுறை, அருகிருந்து கவனிப்பதன் தேவையை ஏற்கிறது.

7. முடிவு

தகுதியுள்ள அனைவரையும் கண்டுபிடித்தால் இருக்கும் நிதி போதாது என்ற அச்சம் இவ்விவாதங்களின் பின்னணியில் நிற்கிறது. அந்த அச்சமே தேடற்சுமையின் உண்மையான பணியை வெளிப்படுத்துகிறது. பற்றாக்குறைப் பணத்தைப் பங்கிடும் வேலையை, எவரும் முடிவெடுத்ததாகத் தெரியாமல், படிவங்களும் கெடுக்களும் செய்துவருகின்றன. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு, மேற்கல்வியை நியாயமான நடவடிக்கைகளின் வழி படிப்படியாக எல்லோருக்கும் எட்டச்செய்யும் கடமையை அரசுக்கு விதிக்கிறது. பணம் போதாதெனில் யாருக்கு முதலில், யாருக்குக் கொடை, யாருக்குக் கடன் என்பதை நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக வாதிட்டு முடிவுசெய்யலாம். அம்முடிவை மக்கள் எதிர்க்கவும் மாற்றவும் முடியும். காலாவதியான முத்திரைக்காகத் திரும்பி வரும் விண்ணப்பத்தை எதிர்த்து வாதிட எந்த மன்றமும் இல்லை. பத்தாம் வகுப்பிலேயே பாடத்தேர்வு வழிகாட்டலோடு தொடங்கி, குழந்தை உதவித்தொகைப் பட்டியலிலிருந்து தானாகவே தகுதி அறிவிப்பு அனுப்பி, தனியார் நிதிகளுக்குப் பொதுப் படிவம் ஒன்றை வகுத்தால், தேடும் பொறுப்பு அதைச் சுமக்கும் திறனுடைய அரசிடம் போய்ச்சேரும்.